ஆமென் சொன்ன பிறகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் தயவால் அப்பாவும் நானும் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில் நடந்தது. அப்பாவும் கேட்கட்டும் என்று அவர் கட்டில் பக்கத்திலேயே பாய் விரித்தோம். உன் சிநேகிதி, நம் தெருமுனைத் தையல்காரி, ஜெபிக்க ஆரம்பித்தாள். கண்ணை மூடிவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிடும், உனக்குத் தெரியாதா? "ஆண்டவரே, என் சிநேகிதி மார்புல இருக்கிற கட்டியைப் பாருங்க. இருபதாம் தேதி ஆபரேஷன். அங்க தனியா கெடக்கா. அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, அவங்களையும் தேத்துங்க" என்றாள். யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று நானும் சத்தமாக ஆமென் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேர் முன்னால், மகளே.

மறுநாள் அவள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டேன். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கும் போகவில்லை. பீடத்துத் துணியைத் துவைத்துத் தேய்த்து விரிப்பவள் நான்தான். ஆனால் வயிற்றில் அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் முழங்கால் போட முடியவில்லை.

அவள்மேல் கோபமா, உன்மேலா என்று யோசித்தேன். அவள் வாய் தவறியிராவிட்டால், உன் உடம்பில் கத்தி வைக்கிற நேரத்தில் நான் இங்கே உன் பதவி உயர்வுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்தால்தான் பொறுக்க முடியவில்லை. அம்மா கிளம்பிவிட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்றுதானே மறைத்தாய்?

நேற்று அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். "நீங்க போங்கம்மா, அப்பாவை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அப்பா வாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவரைத் துடைக்கவோ புரட்டவோ நான் யாரையும் விட்டதில்லை. சேவை என்று நினைத்திருந்தேன், பாதி வீம்பு. உள்ளேயிருந்து அப்பா, கோணின வாயால் "போ" என்றார். தன்னைத்தான் விரட்டுகிறார் என்று அவள் பயந்தே போய்விட்டாள்.

இன்று காலை அவள் புருஷன் அப்பாவைத் துடைத்துவிட்டான். எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்பா கூச்சத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவள் சாப்பாடு ஊட்டினாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். வேண்டாம் என்று போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே. கனமாக எதையும் தூக்காதே.

எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுகிறவள்தான், இருந்தாலும் பயமாக இருக்கிறது. இனி எது வந்தாலும் முதலில் என்னிடம் சொல்லிவிடு. ஆண்டவரிடம் அப்புறம் சொல்லலாம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான் வந்து சேரும்வரை கர்த்தர் உன்னைக் கையில் ஏந்தியிருக்கட்டும். வந்ததும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா