வெளிக்கிடும்போது கேட்கக் கூடாத கேள்வி

உன் பையின் சிப்பை இழுத்ததும் முதலில் வந்தது மணம்தான். காய்ந்த புல், வெயிலில் வதங்கிய ஏதோ மலைச்செடி, கொஞ்சம் மாட்டுச் சாணி. மொன்றியலை ஒட்டிய கர்க்லாண்டில் உங்கள் வீட்டுக் கராஜில், பனிக்கால டயர்களுக்கு நடுவே குந்தியிருந்து அதை முகர்ந்தேன். உன் அம்மா பின்னால் நின்றார்.

"பூஞ்சணம் பிடிச்சிட்டுதோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி. நல்லாத்தான் இருக்கு."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. நீ கடைசியாக மடித்த மடிப்பிலேயே உன் பறக்கும் சிறகின் ஆரஞ்சுத் துணி கிடந்தது. பறக்கிறவர்களின் கிளப்புக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்று உன் அம்மா போனில் சொன்னபோது வருவதற்குத் தயங்கினேன். நீ போனபிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. காரணம் உனக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பெயினுக்குப் போகும் எண்ணமெல்லாம் உன்னுடையது. அப்போது எனக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொன்று வந்தது அதுவே முதல் தடவை. அப்பா அதைச் சட்டம்போட்டு, எங்கள் சென்ட் லோரன்ட் ஃபிளாட்டில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வேலை இலையுதிர்காலத்தில்தான் தொடங்கும். அதுவரை, பட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு நாள் வந்தாய். நீ பட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்குச் சிறகு இருக்கு. உனக்கு லைசன்ஸ் இருக்கு. வா, போவம்."

"நான் பறக்க மாட்டன்."

"ஆரடி உன்னைப் பறக்கச் சொன்னது? நீ கீழால வாகனம் ஓடி வா."

ஆவிலா நகருக்கு மேற்கே அந்த மலை. மத்தியானம் பாறைகள் சூடேறியதும் நீங்கள் ஒவ்வொருவராகப் பரசூட் போன்ற அந்தத் துணிச்சிறகை விரித்து ஓடிக் குதிப்பீர்கள். மேலே கிளம்பும் சூட்டுக்காற்றில் சுற்றிச் சுற்றி ஏறி, அது தீர்ந்ததும் அடுத்ததைத் தேடிப் போய், சாயங்காலம் எங்கேயோ ஒரு வயலில் இறங்குவீர்கள். அந்த வயலுக்கு வான் வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிப்போக ஓர் ஆள் வேண்டும். அந்தக் கோடை முழுவதும் அந்த ஆள் நான்.

எனக்கு அது பிடித்திருந்தது. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வண்டிக்குள் நானும், வோக்கி டோக்கியில் உன் குரலும்தான். சூட்டுக்காற்று எங்கே இருக்கிறது என்பதைக் கழுகுகள் சுற்றுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாய். அவற்றை மாமாமார் என்பாய்.

"நாலு மாமாமார் நிக்கினம். மூத்தவருக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல. நான் ஓரமா நுழையிறன்."

மற்ற டிரைவர்கள் தங்கள் வோக்கியில் நம் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒன்றை மட்டும் நான் செய்யவே இல்லை. பறக்கிறவர் பட்டிகளைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவருடைய டிரைவர் கேட்பார். அதுதான் அங்கே வழக்கம். பறக்கிறவர் கையை நீட்டிக் காட்டுவார். எனக்கு அது வாயில் வராது. வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் நடக்காது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அப்பா வேலைக்கு இறங்கும்போதுகூட அம்மா கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"என்னடி, எல்லாரும் கேக்கினம், நீ மட்டும் ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறாய்?"

"வெளிக்கிடேக்க கேக்கக் கூடாது."

"அது பஸ்ஸுக்குப் போறவைக்கு. பறக்கிறவைக்கில்லை."

ஆனாலும் என்னைக் கேட்கவிடாமல் நீயாகவே சொல்லிவிடுவாய். வடக்குச் சமவெளி, வழக்கமான ரோட்டு. நானும் அடிவாரத்துப் பெற்றோல் ஷெட்டில் போய் நிற்பேன். உன் குரல் நகர நகர நானும் நகர்வேன்.

ஒரு நாள் நீ சொல்லவில்லை. காற்று பலத்துக்கொண்டு வந்தது. பலர் சிறகை மடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது விட்டால் பிறகு முடியாது என்ற அவசரம் உன் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நீ ஓடினாய், சிறகு நிமிர்ந்தது, காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போனது.

பெற்றோல் ஷெட்டில் நின்று கேட்டேன். "மாமாமார் நல்லா ஏறுகினம்" என்றாய். பிறகு இரைச்சல் மட்டும்தான். உன் போன் அனுப்பும் புள்ளி என் போனின் வரைபடத்தில் மலை முகட்டில் வந்து நின்றது. நின்றது அப்படியே நின்றது. அழைத்தால் போகவில்லை.

பக்கத்தில் இன்னொரு வான் நின்றது. அதை ஓட்டி வந்த ஸ்பானியப் பெண்ணுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"எந்தப் பக்கம் போவதாகச் சொன்னாள்?"

"தெரியாது. நான் கேட்கவில்லை."

"ஏன் கேட்கவில்லை?"

அதற்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வது? உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நான் வாயை மூடியிருந்தேன். அதனாலேயே இப்போது உன்னை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. "எங்கள் ஆட்கள் கேட்பதில்லை" என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தகவல் வராவிட்டால் மலை மீட்பு ஆட்களை அழைப்போம் என்றாள். முகட்டில் கிடக்கிறாயோ என்ற எண்ணத்தை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போதுதான் ஷெட்டின் கொடிகளைப் பார்த்தேன். வடக்கேயிருந்து அடித்த காற்றில் எல்லாம் மலையைப் பார்த்து விறைத்து நின்றன. இந்தக் காற்றை எதிர்த்து நீ வடக்கே வந்திருக்க முடியாது. ஒன்று முகட்டில் இருக்கிறாய், இல்லாவிட்டால் அதைத் தாண்டித் தெற்கே இறங்கியிருக்கிறாய். அவளை அங்கேயே காவலுக்கு விட்டுவிட்டுக் கணவாய் ரோட்டில் வானை ஏற்றினேன்.

தெற்குப் பக்கம் சின்னச் சின்ன ஊர்கள். என்னைத் தெரியுமல்லவா உனக்கு? மொன்றியலில் பஸ் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தவள் நான். அன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் பாருக்குள் நுழைந்து, சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்களுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, "பராபெந்தே? பராபெந்தே?" என்று கேட்டேன். துணிச்சிறகில் பறப்பதற்குப் பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொல் என்பது என் அதிர்ஷ்டம். ஆரஞ்சு என்பதைச் சொல்லத் தெரியாமல், மேசையிலிருந்த ஃபன்டா போத்தலைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார்கள். அந்த நேரத்தில் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாலாவது ஊரோ ஐந்தாவது ஊரோ, ஒருவர் மட்டும் சிரிக்காமல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து, ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

பாலத்தடியில் உன் பையின் மேல் குந்தியிருந்தாய். யாரோ கொடுத்த மெலன் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். மூக்கு வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தது. என்னைக் கண்டதும், சாறு வழிய வழியக் கேட்டாய்:

"எங்கையடி போனனீ? எவ்வளவு நேரமா நிக்கிறன்."

நான் ரோட்டிலேயே குந்திவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் தெரியாது. நீ பயந்துபோய் மெலன் துண்டு ஒன்றை என் கையில் திணித்தாய். போன் சார்ஜ் இறங்கிப்போயிருந்தது, வோக்கிக்கு மலை குறுக்கே. வேறொன்றும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் நீ சிரிக்கவில்லை. வண்டி கணவாயை அடைந்தபோது சொன்னாய்:

"இனிமேல் கேள். சகுனம் பிழைச்சா அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ கேள்."

அடுத்த நாளிலிருந்து கேட்டேன். "எங்கை போறாய்?" முதல் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ கையை நீட்டிக் காட்டிப் போனாய், வந்தாய். கேட்ட ஒரு நாள்கூட நீ வராமல் விடவில்லை.

போன பனிக்காலம், நோய் பிடித்து உன்னை ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் வாயை மூடி நின்றார்கள். உன் அம்மா, பெரியம்மா, நான். கட்டில் எங்களைத் தாண்டும்போது நீ என்னைத்தான் பார்த்தாய். என் கேள்விக்காகக் காத்திருக்கிறாய் என்று விளங்கியது.

"எங்கை போறாய்?" என்று கேட்டேன்.

"வடக்குச் சமவெளி. வழக்கமான ரோட்டு."

பெரியம்மா வாயில் கையை வைத்தார். அன்றைக்கு நீ திரும்பி வந்தாய். அரைமயக்கத்தில் கண்ணைத் திறந்து "வந்திட்டன்" என்றும் சொன்னாய். ஆனால் நோய் நிற்கவில்லை. வசந்தத்தில், உன் அறையில், உன் அம்மா காலைப் பிடித்திருக்கப் போய்விட்டாய். செத்தவீட்டில் பெரியம்மா யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது: "அண்டைக்கு உந்தப் பிள்ளை எங்கை எண்டு கேட்டு வாய் வைச்சது எல்லோ."

அதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

இன்று பையைச் சரிபார்த்து, சிப்பை மூடித் தோளில் மாட்டினேன். ஒரு சின்னப் பிள்ளையின் கனம் இருந்தது. கராஜ் வாசலில் சப்பாத்தைப் போட்டேன். "அப்ப சரி, போயிட்டு வா" என்று உன் அம்மா சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தன் வாயால் யாரையும் கேட்டிராதவர், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கை பிள்ளை போறாய்?"

அவர் கண்ணை எடுக்கவில்லை. நீ காட்டுவதைப்போலக் கையை நீட்டிக் காட்டினேன்.

"லொங்குய்ய்க்கு, அன்ரி, கிளப்புக்கு. பஸ்ஸில போய், பேந்து மெட்ரோ. மஞ்சள் லைன்."

"ஓம். போய்ச் சேர்ந்தவுடன சொல்லு."

மெட்ரோவில் பையை மடியில் வைத்திருந்தேன். ரயில் ஆற்றுக்கு அடியால் போனபோது போனில் சிக்னல் இல்லை. முன்பென்றால் பயந்திருப்பேன். இன்றைக்கு, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று ஒருவருக்குத் தெரியும். லொங்குய்ய்யில் படியேறி வெளிச்சத்துக்கு வந்ததும், உன் அம்மாவுக்கு ஒரு சொல் அனுப்பினேன்.

"வந்திட்டன்."