தேய்க்காதே, ஒத்து

மார்ச் 4

இன்று கடையில் என் கிரீம் கவுண்டருக்கு வந்தவர்கள் பதினேழு பேர். பதினேழு பேருக்கும் கண்ணுக்குக் கீழேதான் குறை. கருவளையம், சுருக்கம், வீக்கம். பதினேழு தடவையும் அதே பாட்டைப் பாடினேன். முகத்திலேயே மெல்லிய தோல் கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. மோதிர விரலால் எடுங்கள், அதற்குத்தான் பலம் குறைவு. எலும்பின் மேல் வையுங்கள், இமை மேல் வேண்டாம். தேய்க்காதீர்கள், ஒத்துங்கள். கடைசியாக வந்த அம்மாள் "நீங்களும் இதான் போடுறீங்களா?" என்று கேட்டாள். "தினமும்" என்றேன். நான் முகம் கழுவுவதே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்தால் என் தங்கை, சின்னவள், சமையலறையில் உட்கார்ந்து உறைந்த பட்டாணிப் பையை இடது புருவத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். குத்துச்சண்டைப் பயிற்சியில் யாரோ முழங்கையை வீசியிருக்கிறார்கள். சிரிக்கிறாள் வேறு. போன ஆகஸ்டில் கிழிந்து ஐந்து தையல் போட்ட அதே இடம். 29ஆம் தேதி, நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவளோடு பந்தயம். அதில் ஜெயித்தால் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார்: "தழும்பு கட்டியா இருக்கு. அதே இடம் திரும்பக் கிழிஞ்சுதுன்னா உன் லைசென்ஸைப் பத்தி யோசிக்கணும்."

அவளுக்கு இருபத்துநாலு வயது. குத்துவதைத் தவிர வேறெதுவும் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டாள். யாராவது அவள் முகத்தில் அடிக்கும்போது எனக்கு அவர்கள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருக்கிறது. ஏழு வருடமாக இருக்கிறது.

மார்ச் 6

தழும்பைக் கரைத்துவிட்டால்? இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை?

மதியம் கூட்டம் இல்லாத நேரம் அலமாரி முன்னால் நின்று யோசித்தேன். காஃபின் ஜெல் வீக்கத்துக்கு மட்டும். செரமைடு கிரீம் நல்லது, ஆனால் சாதுவானது, தோலை மிருதுவாக வைத்திருக்கும், அவ்வளவுதான். மேல்தட்டில் ரெட்டினால் இரவு கிரீம். இருப்பதிலேயே காட்டமானது. பழைய தோலை உரித்துப் புதுத் தோலைக் கொண்டுவரும். அட்டைப்பெட்டியில் 'கண்ணைச் சுற்றிப் பூச வேண்டாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். நானே தினமும் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டுவேன். பெட்டியைக் கடைக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு டப்பாவை மட்டும் எடுத்துவந்தேன்.

அந்த எச்சரிக்கையெல்லாம் வாங்குகிறவர்களுக்கு. எனக்குத் தெரியாதா?

மார்ச் 9

"எரியுதுக்கா."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம படு."

"குத்து வாங்குறதே தேவல போல."

மார்ச் 15

புருவத்தில் பொடிப்பொடியாக உரிகிறது. பழைய தோல் போகிறது. சொன்னேனா இல்லையா!

மார்ச் 22

எடை குறைக்க வேண்டுமாம், தண்ணீரைக் குறைத்துவிட்டாள். வாயைத் திறந்தால் கடிக்கிறாள். குளியலறைக் கதவைக் காலால் உதைத்துக் கீல் கழன்றுவிட்டது. கிரீம் மட்டும் நான் சொல்லாமலே போட்டுக்கொள்கிறாள், காலையிலும் சேர்த்து இரண்டு வேளை. பிடிவாதக்காரி என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 29

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

முதல் ரவுண்டு தொடங்கி நாற்பது வினாடிகூட இருக்காது. நெட்டை இடது கையைச் சும்மா நீட்டினாள். அது குத்தே இல்லை, தூரம் பார்க்கிற தட்டு. சின்னவளின் புருவம் நனைந்த காகிதம் போலத் திறந்துகொண்டது. ரத்தம் அவள் கண்ணுக்குள், மூக்கில், வாய்க்குள். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அவர்களுக்கு ரத்தம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

மணி அடித்து மூலைக்கு வந்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் தண்ணீர் கொடுக்கிறார். அவருடைய துண்டுக்காரர் காயத்தைத் துடைக்கிறார். துடைக்கவில்லை, தேய்க்கிறார், மேசையைத் துடைப்பது போல அழுத்தித் தேய்க்கிறார்! நான் தடுப்புக் கம்பி மேல் ஏறிக் கத்தினேன்: "தேய்க்காதீங்க! ஒத்துங்க! அழுத்திப் பிடிங்க!" யாருக்குக் கேட்கும்? அவர் அள்ளி அப்பிய வாஸ்லின் உரிந்த தோலோடு சேர்ந்து வழுக்கிக் கீழே வந்தது. ஒட்டுவதற்கு அங்கே தோல் இல்லை.

அந்த உரிந்த தோலைப் பார்த்ததும், இது என் கிரீமின் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே. யாரும் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது ரவுண்டில் நெட்டை அந்தக் கண்ணை மட்டுமே அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் அதே இடத்தில். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனாலும் அவளைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. சின்னவள் ஒற்றைக் கண்ணோடு வீசிய ஒரு குத்தில் நெட்டையின் மூக்கு உடைந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குள் நடுவர் இடையில் புகுந்து கையை ஆட்டி நிறுத்திவிட்டார். சின்னவள் நடுவரையும் அடிக்கப் போனாள். மூன்று பேர் பிடித்தார்கள்.

ஒன்பது தையல். தைக்கும்போது டாக்டர் கேட்டார்: "தோல் ஏன் இப்படி உரிஞ்சு கெடக்கு? எடை குறைக்கத் தண்ணியை நிறுத்தினியா?" அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருந்தது. திறக்கவில்லை.

மார்ச் 31

மாஸ்டர் வீட்டுக்கே வந்து அவளைத் திட்டித் தீர்த்தார். "ஒடம்பைப் பார்த்துக்கத் தெரியாதவ எதுக்கு ரிங்ல ஏறணும்? ஒன்பது மாச உழைப்பை நாசம் பண்ணிட்டே. தண்ணி குடிக்கக்கூடவா நான் ஊட்டி விடணும்?" அடித்தால் திருப்பி அடிக்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு "தப்புதான் மாஸ்டர்" என்றாள். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டேன்.

ஏப்ரல் 3

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5

டப்பாவை வெளியே குப்பையில் போட்டேன். "அந்தக் கிரீம் எங்கக்கா? காயம் ஆறினதும் போடணுமே" என்று கேட்கிறாள். தீர்ந்துவிட்டது என்றேன். "இன்னொண்ணு எடுத்துட்டு வா, நீ குடுத்தது நல்லாத்தான் இருந்துது" என்கிறாள்.

நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 8

ஒரு இளம்பெண் அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்தாள். போன மாதம் வாங்கினாளாம், கண்ணுக்குக் கீழே பூசினாளாம், எரிகிறதாம், உரிகிறதாம். "அப்படித்தான் இருக்கும்னு இங்க ஒரு அக்கா சொன்னாங்க." அந்த அக்கா நான்தான். சின்னவளுக்குச் சொன்னதையே போன மாதம் கடையிலும் சொல்லியிருக்கிறேன்.

அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். கண்ணாடித் துண்டு அவள் செருப்பு வரை தெறித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேல்தட்டில் இருந்ததையெல்லாம் கையால் வாரித் தள்ளினேன். மேலாளர் என் தோளைப் பிடித்தார், அவரையும் தள்ளினேன். காவலாளி வந்து இரண்டு கையையும் பின்னால் முறுக்கி வெளியே கொண்டுபோய் விட்டார். நடைபாதையில் நின்றபோதுதான் உள்ளங்கை கிழிந்திருப்பதைப் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நான் ஊருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

சொல்லிவிட்டேன். காலையில், அவள் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது. பெட்டியைக் குப்பையில் போட்டது வரை எல்லாம்.

வாய் கொப்பளித்தாள். முகம் துடைத்தாள். "ஷூ போட்டுக்கோ" என்றாள்.

ஜிம்மில் அந்த நேரம் யாருமில்லை. என் கையில் கிளவுஸை மாட்டி, நாடாவை இறுக்கி, ரிங்குக்குள் ஏற்றினாள். "கையைத் தூக்கு. முகத்தைக் காப்பாத்திக்கோ. தோல் நிபுணர் ஆச்சே நீ."

முதல் குத்து வயிற்றில். மூச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவது விலாவில். கயிற்றில் சாய்ந்தேன், இழுத்து நடுவில் நிறுத்தினாள். "மாஸ்டர் முன்னால நான் தப்புன்னு சொன்னேன்ல, பார்த்துக்கிட்டு டீ போட்டேல்ல?" அடுத்தது தோளில். "பத்து நாளு! பத்து நாளு நான் தண்ணி குடிக்காத முட்டாள்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்!" நான் கையைத் தூக்கவே இல்லை. அவள் புருவம் இன்னும் சிவந்து கிடக்கிறது, தவறி என் கை பட்டால்? அது அவளுக்கு இன்னும் கோபம். "தூக்குடி!" என்று கத்திக்கொண்டே கண்ணில் விட்டாள். மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிந்தது, பிறகு மேற்கூரை தெரிந்தது.

அப்போதுதான் உள்ளே நுழைந்த மாஸ்டர் ஓடிவந்து அவளை இழுத்தார். நான் கீழே கிடந்தபடியே சொன்னேன்: "விடுங்க மாஸ்டர், இது எங்க வீட்டு விஷயம்." அப்புறம் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏப்ரல் 10

வலது கண் திறக்கவில்லை. சின்னவள் ஒரு ஐஸ் பையைக் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை, தரையில் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் இலவச மாதிரிகளாகவே முப்பதுக்கு மேல் கண் கிரீம் இருக்கிறது. ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஐஸ், பிறகு கொஞ்சம் வாஸ்லின். எங்கள் கடையில் அது கீழ்த்தட்டில் இருக்கும், யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரல் 14

கடையில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 27

மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப் போகிறார் என்று போனேன்.

"அன்னைக்குக் கம்பி மேல ஏறி என்னவோ கத்தினியே, அது எனக்குக் கேட்டுச்சு. ஒத்தணும்னு சொன்னே. டாக்டரும் அதையேதான் சொன்னார். எங்க ஆளுக்கு ரத்தத்தைப் பார்த்தா கை பதறுது. நீ வந்து மூலையில நில்லு."

"சின்னவ ஒத்துக்க மாட்டா."

"அவ எதுக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கா? டாக்டர்கிட்ட போய்க் கத்துக்கிட்டு வா. இனிமே அவ மொகத்துல தண்ணி படணும்னாக்கூட டாக்டரைக் கேட்டுட்டுத்தான்."

மே 18

டாக்டரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். ரத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடி, பஞ்சுக்குச்சியை வைத்து அழுத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே. வீக்கத்துக்குக் குளிர்ந்த இரும்புக் கட்டையை வை, உருட்டாதே. மருந்து இமைக்குள் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு ரவுண்டுக்கு நடுவே இருப்பது ஒரு நிமிடம், அதில் ஸ்டூலில் உட்காரவே பத்து வினாடி போய்விடும். வீட்டுக் கடிகாரத்தை வைத்துத் தலையணையில் பழகுகிறேன். தினமும் அவளைப் பார்த்துப் பார்த்துச் சாகிறேன், அவளோ என்னிடம் "தள்ளு", "எங்க", "வேணாம்" மூன்றோடு சரி.

ஜூன் 2

புருவம் ஆறிவிட்டது. இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி, மறுபடி ரிங்கில் ஏறலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுபடியும் நெட்டைதான்; மூக்கு உடைந்ததில் அவளும் பட்டப் போட்டிக்குப் போகவில்லை. மறுபடியும் ஜெயிக்கிறவளுக்குப் பட்டப் போட்டி. "இந்தத் தடவையும் நான் தோத்துட்டு வந்தா நேரா உன்னைத்தான் கொல்லுவேன்" என்றாள் சின்னவள். இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம்.

ஜூன் 21

முதல் மூன்று ரவுண்டும் அவளுடையது. நெட்டையை மூலைக்குத் தள்ளி விலாவில் விட்டாள், விட்டுக்கொண்டே இருந்தாள். நெட்டை வாயிலிருந்து பல்காப்பு பறந்தது. புருவத்துத் தழும்பு அசையவில்லை. விழுந்த குத்தெல்லாம் வாஸ்லின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குள் ஏதோ மிருகம் உட்கார்ந்து "இன்னும் அடி, இன்னும்" என்று கத்தியது, ஒளிப்பானேன்.

நான்காவதின் கடைசியில் நெட்டையின் வலது கை கீழிருந்து மேலே வந்தது. புருவத்தில் இல்லை, இமையில்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரத்தத்தை ஒத்தி எடுத்தேன். இமை குறுக்காகக் கிழிந்திருந்தது, ஆழம். அழுத்தினேன். பஞ்சை எடுத்துப் பார்த்தபோது மேல் இமை தானாக எழவில்லை. ரிங் டாக்டர் ஏறி வந்துவிட்டார். "எப்படியிருக்கு?" என்றார் என்னைப் பார்த்து.

சின்னவள் பல்காப்போடு முனகினாள்: "சின்னதுன்னு சொல்லு. ரெண்டே ரவுண்டு. அக்கா, சின்னதுன்னு சொல்லு." என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று! கெஞ்சினாள். மாஸ்டரும் என் முகத்தையே பார்த்தார். ரத்தத்தை அந்த நிமிஷத்துக்கு நிறுத்த என்னால் முடிந்திருக்கும். டாக்டர் என் பஞ்சுக்கு அடியில் பார்க்காமலே போயிருப்பார்.

"இமை முழுசா கிழிஞ்சிருக்கு டாக்டர். தூக்க வரல" என்றேன்.

டாக்டர் பார்த்தார். கையை ஆட்டினார். மணி அடித்தார்கள்.

சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் வாயில் குத்தினாள். கிளவுஸ் கழற்றவில்லை. உதடு இரண்டாகப் பிளந்தது. கூட்டத்திலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து என் முதுகில் விழுந்தது, "அவளே காட்டிக்குடுத்துட்டா!" என்று எவனோ கத்தினான். ஸ்டூலிலிருந்து விழப்போனவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இமையை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் எடுக்கவில்லை.

ஜூன் 22

இமையைத் தூக்கும் தசை வரை போயிருக்கிறது. இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். உள்ளே ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு என்று தைத்திருக்கிறார்கள். கண் தப்பியது. லைசென்ஸைப் பற்றி ஆறு மாதம் கழித்துத்தான் பேசுவார்களாம்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒற்றைக் கண்ணால் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளியில நான் முன்னால இருந்தேனா?"

"மொத மூணு ரவுண்டும் உனக்குத்தான்."

"அது தெரிஞ்சும் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 25

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். டாக்டர் கொடுத்த களிம்பை அவளே கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறாள், முக்கால்வாசி கன்னத்தில்தான் போகிறது. இப்படிப் போடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

காலையில் கதவைத் திறந்து வெளியே வந்தாள். சமையலறை நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். களிம்புக் குழாயை மேசையில் வைத்தாள்.

"மொதல்ல போய் கையைக் கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.