அத்தை என்று கூப்பிடும் பிள்ளை

உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு புதுப் பயணப் பை இருக்கிறது. போன வாரம் கணக்கெடுப்புக்காக உள்ளே போய் உட்கார்ந்ததும் அதன் ரெக்சின் வாடை மூக்கில் ஏறியது. நீ வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பையிலும் இதே வாடைதான்.

உன் மகள் பால் விடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகனுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. அவள் கவுனைப் பிடித்து இழுத்து, "அத்த, அத்த" என்றான். பெற்றவளை யார் அத்தை என்று கூப்பிடுவார்கள்? எனக்கு விளங்கிவிட்டது. நீ போன காலத்தில் இல்லாத சட்டம் இப்போது இருக்கிறது. கைப்பிள்ளைக்காரியை வெளிநாட்டு வேலைக்கு விடமாட்டார்கள், உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அதனால் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் சிலர் பிள்ளையை நாத்தனார் பிள்ளை என்று சொல்லி, அதன் வாயையும் முன்கூட்டியே பழக்கிவிடுகிறார்கள். மற்ற வீடுகளில் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் எழுந்து வந்திருக்கிறேன். உன் வீட்டில் அப்படி எழுந்து வர முடியவில்லை.

நாம் இருவரும் சேர்ந்துதானே இந்த வேலைக்கு வந்தோம்? தோட்டங்களில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யார் இறந்தார்கள் என்று ஆய்வு செய்ய வந்தவர்கள், லயம் லயமாகப் போய்க் கேட்க ஆள் தேடினார்கள். முதல் வீட்டிலேயே நான், "இந்த வீட்ல யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று ஆரம்பித்து, அந்த அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே வந்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பொறந்தவங்கள மொதல்ல கேளுடி. அப்பறம் போனவங்கள கேளு. செத்தவங்க எங்கயும் ஓடிற மாட்டாங்க" என்றாய்.

உன் வீட்டுக்காரர் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டி இறந்தார். அதன்பின் நீ சிரித்து நான் பார்க்கவில்லை. மகளை என் மடியில் உட்காரவைத்து, "நான் வர்றவரைக்கும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். திரும்பி வந்தது பெட்டி. நெஞ்சுவலி என்றார்கள், திறக்க விடவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் உன் வீட்டை எழுதும்போது, உன்னைப் போனவர்களோடு சேர்ப்பதா, செத்தவர்களோடு சேர்ப்பதா என்று தெரியாமல் பேனாவை மூடிவைத்தேன்.

இதையெல்லாம் சொல்லி, போகாதே என்று உன் மகளிடம் மன்றாடினேன். அவள் உன்னைப்போலவே முகத்துக்கு நேராகப் பேசுகிறாள்.

"அம்மா அங்க செத்தாங்க, அப்பா இங்க செத்தாரு. எது பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க பெரியம்மா. எங்க வீட்டுக்காரரு கொழும்புல சம்பாதிக்கிறது அவருக்கே பத்தல. நாளைக்கு விசாரிக்க ஆபீசு நோனா வர்றாங்க. ஒங்களையும் கேப்பாங்க. நாத்தனா புள்ளன்னு சொல்லிருங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவள் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் அவளே போவாள்.

மறுநாள் அந்த உத்தியோகத்தர் அம்மா வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, உன் மகளைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார். பழக்கிவைத்தபடியே அவனும், "அத்த" என்றான். உன் மகளின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவ பெத்ததுதான் நோனா" என்றேன்.

பயணம் நின்றுபோனது. உன் மகள் என்னோடு பேசுவதில்லை. இன்று காலையில் பிள்ளையை என் வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அவள் அப்பா விழுந்த அதே மலை. போன மாதமும் அங்கே குளவி கலைந்து ஆட்களை விரட்டியது. நான்தான் அவளை அங்கே அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளை என் மடியில் இருக்கிறான். மேலே மலையில் யாராவது சத்தம் போட்டால் அவனையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து அவனும் மலையைப் பார்த்து, "அத்த" என்று அழுகிறான். "அம்மான்னு கூப்புடுடா" என்று கெஞ்சுகிறேன். அவனுக்கு வரவில்லை.