இனிப்பு மாத்தே

லா பிளாத்தா, 4 ஜூன் 2006

அன்புள்ள ராமிரோ,

நீயும் அப்பாவும் தெற்கே ஆட்டுப் பண்ணைக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் நாற்காலியில் நான் என் புத்தகங்களை வைத்தேன். அம்மா அவற்றை எடுத்துவிட்டாள்.

நல்ல செய்தி கேள். அம்மா எலிக்கூண்டுகளைக் கவனிக்கும் ஆய்வகத்தில் டாக்டர் பெகெர் நம்மைப் போல ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பிறந்த இரட்டையரைத் தேடுகிறார். காலி வயிறு ஒரு ஹார்மோனைச் சுரந்து, வளர்ச்சி ஹார்மோனை விடும்படி மூளையைக் கேட்குமாம். ஆண் எலியில் அந்த வளர்ச்சி ஹார்மோன் பெரிய அலைகளாக, விட்டு விட்டு வருகிறது. பெண் எலியில் சிறிது சிறிதாக, ஓயாமல். நம்மிடமும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டுமாம். உன் பயணச்செலவு அவர்களுடையது!

விதி ஒன்றுதான். காலையில் தண்ணீர் மட்டும். "மாத்தே டீயும் கூடாதும்மா. நம்ம ஜனங்க அதைக் குடிக்கிற கணக்கிலயே சேக்க மாட்டாங்க. சர்க்கரை போட்ட மாத்தே உள்ள போச்சுன்னா வயிறு வாயை மூடிக்கும்" என்றார் டாக்டர்.

வருவாய்தானே?

உன் டெல்ஃபினா

எஸ்கேல், 15 ஜூன்

டெல்ஃபி,

வருகிறேன். "ரத்தம் குடுக்க ரெண்டு நாள் பஸ்ல போறியாடா? நம்ம ஆட்டு உண்ணிங்க இங்கயே எடுத்துக்குமே" என்று அப்பா சிரித்தார்.

நான் இப்போது கசப்பு மாத்தேதான். சர்க்கரை கேட்டால் கம்பளி வெட்டுகிறவர்கள், "பாப்பாவுக்குப் பால் கொண்டாங்கடா!" என்று கத்துகிறார்கள். இனிப்பு எனக்கு இப்போது குமட்டுகிறது.

ராமி

லா பிளாத்தா, 2 ஆகஸ்ட்

அன்புள்ள ராமி,

நீ திரும்பிப் போன பிறகு முடிவு வந்தது. உன் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததாம். சோதனை வீண். அம்மா டாக்டர் முன்னால் அழுதுவிட்டாள். "என் தப்புதான். புள்ள எம்பக்கத்துல வந்து உக்காந்து மாத்தே கேட்டான். எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. ரெண்டு கரண்டி சர்க்கரை போடும்மான்னான், போட்டேன்."

இரண்டு கரண்டி! இனிப்பு குமட்டுகிறது என்று எழுதியவன் நீ. சோதனை கெட்டால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று நினைத்தாய், இல்லையா? நான் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அதையே வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் டாக்டர் நம் இருவரையுமே விலக்கிவிட்டார். வேறு இரட்டையர் கிடைத்துவிட்டார்களாம். கோபமில்லை எனக்கு. எழுது.

டெல்ஃபினா

லா பிளாத்தா, 30 செப்டம்பர்

ராமி,

ஆகஸ்டிலிருந்து நான் எழுதும் நான்காவது கடிதம் இது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

அந்த இரட்டையர் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. கையில் ஊசியோடு, காலால் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். "ஆடாதீங்க பிசாசுகளா!" என்று நர்ஸ் திட்டினாள். நான் கதவருகே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ அலை மாதிரி, எப்போதாவது வருகிறவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான்தான் ஓயாமல் எழுதுகிறவள்.

உன் சோதனை கெட்டதிலிருந்து அம்மா இனிப்பை விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் கசப்பாகவே குடிக்கிறோம். ஆனாலும் சர்க்கரை டப்பாவை மேசையிலிருந்து எடுக்க அவள் விடுவதில்லை.

டெல்ஃபினா