செவுள் பார்த்துச் சேர்த்த பள்ளிக்கூடம்

அக்கா, இன்று காலை பினாயில் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. மல்லிகை வாசத்துக்கு நினைவு வரும்படி நீ என்றைக்குப் பூ வைத்துக்கொண்டு திரிந்தாய்?

சின்னவள் ஜெனியை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். பெரியவள் ஸ்டெல்லாவுக்காக நீயும் நானும் மீன் கூடையோடு ஏறி இறங்கினோமே மூன்று அரசுப் பள்ளிகள், அதில் கடைசியாகப் பார்த்த அதே பள்ளிக்கூடம்தான்.

நம் குப்பத்துப் பள்ளியில் எட்டுக்கு மேல் வகுப்பு கிடையாது. அந்தக் காலத்தில் நானும் ஒன்பதாவதுக்கென்று வெளியே போனவள்தான். அங்கே பெண்பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன். முடியாமல் படிப்பை விட்டு மீன் கூடையைத் தூக்கிவிட்டேன். ஸ்டெல்லாவும் அப்படி நின்றுவிடக் கூடாது என்றுதான் பார்ப்பவர்களிடமெல்லாம் நல்ல பள்ளி எது என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர், பெரிய ஆர்ச் வைத்த பள்ளியே சிறந்தது என்றார். அடையாறில் நம்மிடம் வஞ்சிரம் வாங்கும் சார், "ரிசல்ட்டை விசாரிம்மா" என்றார். நீதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தாய்.

"மீனு வாங்க வர்றவ செதிலு மினுக்குதுன்னு வாங்கிக்கினு பூட்றாளா? செவுளத் தூக்கி செவப்பா கீதான்னு பாக்குறா இல்ல? பள்ளிக்கோடத்துக்கு செவுளு எங்க கீது, சொல்லு."

"எங்கக்கா?"

"பொம்பளப் புள்ளைங்க கக்கூசுல."

முதல் பள்ளியில் ஆர்ச்சும் புது பெயின்ட்டும் பளபளத்தன. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் முன்னால் வளைந்தாய். "அண்ணே, அவசரம்ணே!" உன் முகத்தைப் பார்த்தோ, கூடையின் வாசத்துக்குப் பயந்தோ, அவர் வழிவிட்டார். போன வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாய். "மீன்காரி எனக்கே தாங்கல. நட."

இரண்டாவதில் கதவுக்குப் பூட்டு. சாவி ஆபீசில் இருக்கிறதாம், டீச்சர்களுக்கு மட்டுமாம். "செவுளத் தொடவுடாத கடைல மீனு வாங்குவியா? நட."

மூன்றாவதில் நீ வயிற்றைப் பிடித்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாட்ச்மேன் முறைத்தார். நீ அசரவில்லை. "இதுக்கும் அவசரம்ணே, முத்திப்போயி சிரிக்குது பாரு. வழிவுடு!"

பழைய கட்டிடம், சுவரெல்லாம் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் உள்ளே பினாயில் வாசம், குழாயில் தண்ணீர், பக்கெட், மக். நீ அங்கிருந்தே கத்தினாய்: "ஏய், செவப்புடி! ரத்தச் செவப்பு!" வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு குறை. கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். எனக்கு முகம் வாடிவிட்டது.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப்போட்ற?" என்று கேட்டுவிட்டுப் போனவள், மறுநாள் புதுத் தாழ்ப்பாள்களும் ஸ்குரூ டிரைவருமாக நேரே பெரிய டீச்சர் அறைக்குள் நுழைந்தாய். "டீச்சரம்மா, எம்பொண்ணு இங்கதான் படிக்கப்போவுது. இத்த மாட்டிக்கட்டுமா?"

"எப்பக்கா பெத்த?" என்று உன் காதில் கேட்டேன். தொடையில் கிள்ளினாய்.

டீச்சர் சிரித்துவிட்டார். "தாராளமா மாட்டுங்கம்மா. கூடையை மட்டும் வெளியில வெச்சிட்டு வாங்க."

ஸ்டெல்லா அங்கேயே பிளஸ் டூ முடித்தாள். பள்ளி விட்டு வந்ததும் நீ அவள் மார்க்கைக் கேட்டதே இல்லை. தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கவிழ்ப்பாய். ஒரு சொட்டும் விழாவிட்டால், அவள் முதல் ரேங்க் வாங்கிவிட்ட மாதிரி சிரிப்பாய். இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள். அந்த வெள்ளை உடுப்பில் அவளைப் பார்க்கத்தான் உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. போன வருட மழையோடு நீ போய்விட்டாய்.

இன்று வாசலில் வாட்ச்மேன் புது ஆள். நான் வயிற்றைப் பிடித்தேன்.

"எம்மா, மானம் போவுது" என்றாள் ஜெனி.

"போனா போவுது, வா."

உள்ளே உன் தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது அக்கா. பெயின்ட் போய், எத்தனையோ பெண்பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு வெள்ளிக்கொலுசு மாதிரி மின்னுகிறது. தள்ளினேன். டக்கென்று கெட்டியாக விழுந்தது. உள்ளேயே நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

வெளியே ஜெனி கதவைத் தட்டினாள். "இன்னாம்மா, நெசமாவே அவசரமா?"

"பெரிம்மாகிட்ட பேசிக்கினு கீறேன். இருடி."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். "நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"செவப்புடி."

திங்கட்கிழமை முதல் அவள் அங்கே போகிறாள். சாயங்காலம் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கிற வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.