உறவுமுறைக் கட்டத்தில் ஒரு சொல்

2025 ஜூன் 2, திங்கள்
பள்ளி திறந்தாயிற்று. ஏழாம் வகுப்பில் ஃபேன் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு எண்பது நாள்.

சாயங்காலம் காஞ்சிபுரத்திலிருந்து பிரேம்நாத் போன் செய்தார். அம்முலு என் வீட்டுக்காரரின் முதல் தாரத்து மகள்; அவளுக்கு ஐந்து வயதாகும்போதே இறந்துபோன அம்மாவின் தம்பி இவர். "எங்க அக்கா பொண்ண நாங்க பாத்துக்கிறோம். ஸ்டெப் மதருக்கு இன்னா ரைட்டு கீது? ஞாயித்துக்கிழம வந்து இட்டுகினு பூட்றேன்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், புத்திகெட்டவள். மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்முலு கேட்டுவிட்டாள்.

ஜூன் 3
வகுப்பில் யாரையோ காரணமில்லாமல் திட்டினேன்.

ஜூன் 4, புதன்
பிளஸ் ஒன் பாரத்தை அம்முலுவே நிரப்பி மேசைமேல் வைத்திருந்தாள். பாதுகாவலர்: ரேணுகா. வயிற்றில் பால் வார்த்தாளே என்று நினைத்தேன். அடுத்த கட்டம், உறவுமுறை: ஸ்டெப் மதர்.

ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். நான் அவள் அப்பாவைக் கட்டி நாலு வருஷமாகியும் வீட்டில் 'டீச்சர்'தான். பரவாயில்லை என்றிருந்தேன். ஆனால் இது? அவளுக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்திலேயே கிடந்தேனே — யாருக்காக? அழுகையாக வந்தது. ஒயிட்னரைப் பூசி 'தாய்' என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 5
ஒயிட்னர் செல்லாது என்று பாரத்தைத் திருப்பிவிட்டார்களாம். என் முன்னால் போட்டாள்.

"யாரக் கேட்டு அழிச்சீங்க டீச்சர்?"

"என்னை ஊருக்கெல்லாம் மாத்தாந்தாய்னு காட்டிக்கினு இருப்பியா?" வாய் முந்திவிட்டது.

போனை நீட்டினாள். "மாமா சொன்னதுலேர்ந்து அந்த வார்த்தையத் தேடிக்கினு இருந்தேன். படிங்க."

படித்தேன். பதினாலு வருஷமாக இங்கிலீஷ் டீச்சர். எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

ஜூன் 7, சனி
நம்பாமல் உத்திரமேரூர் நூலகத்தில் பெரிய அகராதியையும் புரட்டினேன். சரிதான். காலடி என்கிற 'ஸ்டெப்'புக்கும் ஸ்டெப் மதரில் வரும் 'ஸ்டெப்'புக்கும் சம்பந்தமே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அது பறிகொடுத்ததைக் குறித்த சொல். முதலில் பெற்றோரை இழந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பிள்ளைக்குத் தாயாக வந்தவளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கொடுமைக்காரி என்பதைக் கதைகள் ஏற்றிவிட்டன.

சரி, இதை வைத்துக்கொண்டு நாளை என்ன செய்வது? பிரேம்நாத்திடம் அகராதியையா காட்டுவேன்? அவளே போகிறேன் என்றால்? கேட்கப் பயமாக இருக்கிறது. புதுப் பாரம் வெறுமையாகக் கிடக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு
பிரேம்நாத் காரோடு வந்தார். உட்காரக்கூட இல்லை. "அம்முலு, பொட்டி எங்க? இவங்க உனக்கு யாரு, நீயே சொல்லு."

நான் மேசைமேல் கிடந்த வெற்றுப் பாரத்தைப் பார்த்தேன்.

"ஸ்டெப் மதர்தான் மாமா," என்றாள். "அப்பா பூட்டதுல எனக்கு எவ்ளோ போச்சோ அவங்களுக்கும் அவ்ளோ போச்சு. நான் இங்கயே கீறேன்."

பிரேம்நாத் சுவரில் மாட்டியிருந்த என் வீட்டுக்காரரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு மாட்டும்போது என்னிடம், "எதுனா வேணும்னா போன் பண்ணும்மா," என்றார்.

ஜூன் 9, திங்கள்
புதுப் பாரத்தை நானே நிரப்பினேன். உறவுமுறை: ஸ்டெப் மதர். அம்முலு எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லா கீது டீச்சர்," என்றாள். இரண்டு பேருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.