வெர்னாவின் மடக்குப் பெஞ்சு

ஜனவரி 8

நான் வழிகாட்டியாக இருக்கும் தொழில் உதவி மையத்துக்கு இன்று வந்தது வெர்னா மட்டும்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிப்பவர்கள் உட்கார, அகன்ற முதுகுப் பலகையோடு ஒரு மடக்குப் பெஞ்சு செய்திருக்கிறாள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்களாம். "இந்த மாசத்தோட வேலைய விட்டுடறேன், மாரிட்." நகராட்சி வாடகையில்லாமல் தரும் கடைக்கு, வேறு வேலையில் இருக்கக் கூடாது என்பது விதி.

என் காபி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதிக் கோப்பை அப்படியே இருந்தது.

ஜனவரி 11

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். என் முதுகே கழன்றுவிடும்போல் இருக்கிறது. "நல்லா இருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன். வழிகாட்டியாம், வழிகாட்டி!

ஜனவரி 12

இந்த மினசோட்டாவில் யார்தான் முகத்துக்கு நேரே நன்றாயில்லை என்பார்கள்? ஊரையே கேட்டாலும் பாராட்டுதான் வரும். அதை நம்பி வேலையை விட்டால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அவள் கணவனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. பயமாக இருக்கிறது.

ஜனவரி 14

யாரையும் கேட்கவே வேண்டாம், செய்து வைத்திருக்கும் நாலு பெஞ்சுகளையும் ஏரியில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வெர்னாவிடம் சொன்னேன்.

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"போகட்டுமே. பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சுடும்."

ஜனவரி 17, சனி

கரையில் என் காருக்குள் இருந்து பார்த்தோம். ஒருவரும் பெஞ்சில் உட்காரவில்லை. எப்போதும்போல வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

பிறகு காற்று கிளம்பியது. ஒருவர் பெஞ்சைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பலகையை மறைப்பாக்கி, அதன் பின்னால் வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. கடைசிப் பெஞ்சுக்கு இரண்டு பேர் இழுபறி!

"அடப்பாவிங்களா, நான் இவ்வளவு நாளா தட்டியா செஞ்சேன்?" வெர்னா சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "உட்கார அது லாயக்கே இல்ல, வெர்னா."

"இப்ப சொல்றியா!" தோளில் ஓர் அடி விழுந்தது. வலித்தது. நிம்மதியாகவும் இருந்தது.

பிப்ரவரி 3

நகராட்சிக் கூட்டம். வேலையை விட்டால்தான் கடை என்றால், வீட்டில் நோயாளி இருக்கிற யார் தொழில் தொடங்குவார்கள் என்று கத்தியேவிட்டேன். நான், கத்தினேன்! அறையே திகைத்துப் போனது. விதியை மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 11

காலைப் பேருந்தை ஓட்டிவிட்டு வந்து வெர்னா கடை திறக்கிறாள். காற்றுத் தட்டி மட்டும்தான் விற்கிறாள். இன்று புதுக் கைப்பிடியைக் காட்ட வந்தாள்.

"கையுறையோட பிடிக்கவே முடியாது" என்றேன். தலையாட்டிக்கொண்டே நான் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தாள், கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காத மாரிட். உன் காபிய மனுஷன் குடிப்பானா?"

"எப்பலேர்ந்து?"

"மையம் திறந்த நாள்லேர்ந்து."

ஒருவழியாக ஒருத்தி சொல்லிவிட்டாள். நாளை வேறு தூள் வாங்க வேண்டும்.